செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த நெட்? ஃபைபர், ஏர்ஃபைபர், சிம் ரவுட்டர்

"ஊர் வீட்டுக்கு நெட் போடணும், எது நல்லது?" என்று யார் கேட்டாலும் நான் வேகத்தையோ விலையையோ முதலில் எடுப்பதில்லை. வீடு வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும் என்றுதான் திருப்பிக் கேட்பேன். சென்னையில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பேரன் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். அடுத்த வீட்டில் ஆச்சி மட்டும். ராத்திரி ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் ஒரு மணி நேரம் பேசுவார். அதற்கடுத்த வீடு பொங்கலுக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் வாசலில் பூட்டு. இந்த மூன்று வீட்டுக்கும் ஒரே இணைப்பைச் சிபாரிசு செய்கிறவர் ஒன்று விற்பனைப் பிரதிநிதியாக இருப்பார், இல்லை இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டார்.

இன்றைக்கு நம் பக்கம் கேட்டால் கிடைக்கக்கூடியவை இவை: பழைய லேண்ட்லைன் கம்பியில் வரும் பிராட்பேண்ட், ஃபைபர், கேபிள் டிவிக்காரர் இழுத்துக் கொடுக்கும் லேன் வயர், மாடியில் பெட்டி பொருத்தும் 5ஜி ஏர்ஃபைபர், அப்புறம் சிம் போட்ட ரவுட்டர் அல்லது வெறும் போன் ஹாட்ஸ்பாட். செயற்கைக்கோள் இணைப்பும் பேச்சில் இருக்கிறது.

லேண்ட்லைன் பிராட்பேண்டை இரண்டு வரியில் முடித்துவிடலாம். செம்புக் கம்பியில் காகிதக் கணக்குப்படி அதிகபட்ச வேகம் 24 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 24 மெகாபிட்). அதுவும் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடாக இருந்தால். மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும், ஐப்பசி மழையில் ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்தால் அதுவும் இருக்காது. பிஎஸ்என்எல்லே வாடிக்கையாளர்களை ஃபைபருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. புதிதாக யாரும் இதை வாங்க வேண்டாம். ஆனால் ஏற்கெனவே 04565 போட்டு ஒரு நம்பர் வீட்டில் இருந்தால், அதைச் சரண்டர் பண்ணுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதே நம்பரை ஃபைபரில் தொடர முடியும். மலேசியாவில் இருக்கும் உறவுக்காரர்கள் முப்பது வருஷமாக மனப்பாடமாக வைத்திருக்கும் நம்பர் அது.

எவ்வளவு வேகம் போதும்?

விளம்பரத்தில் 100, 300, 1000 என்று எண் ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் நிஜமாகச் செலவாவதைப் பார்ப்போம். நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டி படத்துக்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே என்றால் 15. நல்ல வீடியோ காலுக்கு மூன்று நான்கு போதும். இந்தியாவில் ஒரு இணைப்பை பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என்று ஆனதே 2023 ஜனவரியில்தான். அதற்கு முன் அரை எம்பிபிஎஸ் இருந்தாலே அந்தப் பெயர் கிடைத்தது.

ஆக, ஒரு டிவி, நாலைந்து போன், ஒரு லேப்டாப் இருக்கும் வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் தாராளம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இருவர் இருந்தால் 100 எடுக்கலாம். பங்குச் சந்தையில் உட்காருகிறவர்களுக்கு (நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் உண்டு) 300 எம்பிபிஎஸ் எதற்கும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது, காலை 9.15-க்குச் சந்தை திறக்கும்போது லைன் விட்டு விட்டு வராமல் இருப்பது. 300-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை வீட்டுக்குள் வயர் இழுப்பதில் போட்டால் பலன் அதிகம். அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

ஃபைபர்

வருஷம் முழுக்க ஆள் இருக்கும் வீடு என்றால், கிடைக்கிற இடத்தில் ஃபைபர்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. காரணம் வேகம் மட்டும் இல்லை.

ஃபைபரில் போவது வெளிச்சம். ஆபரேட்டர் இடத்திலிருந்து ஒரு கண்ணாடி இழை கிளம்பி, தெருவில் பிரிந்து, 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. அந்த ஒரு இழையில் கீழே இறங்கும் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிகாபிட். 20 கிலோமீட்டர் வரை இது தாங்கும். காரைக்குடியில் மெயின் பெட்டி இருந்தால் கண்டனூர், புதுவயல் எல்லாம் அந்த எல்லைக்குள்தான். முக்கியமான சங்கதி, நடுவில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஆபரேட்டர் இடத்திலும் உங்கள் வீட்டிலும் கரண்ட் இருந்தால் போதும், நடுத்தெருவில் கரண்ட் போனாலும் நெட் நிற்காது. மின்வாரியம் மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்தும் நாளில் இந்த வித்தியாசம் தெரியும். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுகிறது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்குக் கவலையில்லை. இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினால் சில மணி நேரம் தாங்கும்.

இடி மின்னலுக்கும் இதுவே தேவலை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு வயரில், இழையைத் தாங்குவதற்காகச் சில ரகங்களில் இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். அந்தக் கம்பியை வாசலுக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட வேண்டும், உள்ளே கொண்டுவரக் கூடாது. வயர் இழுக்க வரும் தம்பியிடம் பக்கத்தில் நின்று இதைச் சொல்லுங்கள்.

அவர் வேலை முடிக்கும்போது இன்னொன்றும் கேளுங்கள். கையில் டார்ச் அளவுக்கு ஒரு மீட்டர் வைத்திருப்பார். வயரின் முனையை அதில் செருகினால் மைனஸ் போட்டு ஒரு எண் வரும். மைனஸ் 18, 20 என்று வந்தால் நல்ல வெளிச்சம். மைனஸ் 27 என்பது இந்தக் கருவிகளுக்குப் பொதுவான கடைசி எல்லை. 25, 26 என்று வந்தால் இன்றைக்கு நெட் ஓடும், வயரை யாராவது கொஞ்சம் மடக்கினாலோ ஒரு ஜாயின்ட் கூடினாலோ நின்றுவிடும். "ஓடுதுல்ல சார், விடுங்க" என்று சொன்னாலும் விடாதீர்கள், திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணை ரவுட்டர் பெட்டியின் அடியில் எழுதி வைத்தால், நாளைக்குப் புகார் சொல்லும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

இனி ஃபைபரின் வீக்னஸ். அது அறுந்தால் அறுந்ததுதான், மெதுவாக வரும் என்ற நிலையே கிடையாது. நம் ஊரில் அறுப்பதற்கு ஆள் பஞ்சமில்லை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஜேசிபி, லைனில் உரசும் வேப்பங்கிளையை வெட்டும்போது வயரையும் சேர்த்து வெட்டிவிடும் அரிவாள், அணில். அதனால் எந்தக் கம்பெனி என்பதைவிட யார் வந்து கம்பம் ஏறுவார் என்பது பெரிய கேள்வி. காரைக்குடி மாநகராட்சிக்குள், செக்காலை, கழனிவாசல் பக்கம் என்றால் பெரிய கம்பெனிகளுக்கே ஆள் இருக்கும். உள்கிராமத்தில் பிஎஸ்என்எல் ஃபைபரைப் பெரும்பாலும் உள்ளூர் பார்ட்னர்தான் இழுத்துக் கொடுத்துப் பராமரிக்கிறார். பெயர் ஒன்று, திட்டம் ஒன்று, ஆனால் ஒரு ஊரில் சாயங்காலத்துக்குள் ஒட்டித் தருவார்கள், இன்னொரு ஊரில் நாலு நாள் ஆகும். தெருவில் ஏற்கெனவே எடுத்தவரிடம் "நல்லா வருதா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லா வருது என்பார்கள். "போன மழையில் அறுந்தபோது எத்தனை நாளில் வந்தார்கள்?" என்று கேளுங்கள்.

நல்ல லைன்மேன் எப்படி இருப்பார் என்பதற்கு, பக்கத்து வீட்டு ஆச்சி ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது ஓர் உதாரணம்.

"ஆச்சி, பெட்டியில சிவப்பு லைட் எரியுதா?"

"எரியுதுப்பா, மினுக்கு மினுக்குன்னு."

"அப்ப வெளிய அறுந்திருக்கு. நீங்க ஒண்ணும் தொடாதீங்க, கோயில் தெருவுல வேலையா இருக்கேன், முடிச்சுட்டு வர்றேன்."

சிவப்பு எரியாமல் நெட் மட்டும் வரவில்லை என்றால், அணைத்துப் போடச் சொல்லியிருப்பார். கஸ்டமர் கேரில் எண்களை அமுக்கி அமுக்கிப் போனாலும் கடைசியில் இதைத்தான் கேட்பார்கள். இப்படி நேரில் கூப்பிட ஒரு நம்பர் கிடைக்கும் இணைப்பையே, வேறு எல்லாம் சமமாக இருந்தால், நான் எடுப்பேன்.

விலை பெரிய விஷயமில்லை. ஜியோஃபைபரில் 30 எம்பிபிஎஸ் 399 ரூபாய்த் திட்டமாகத்தான் 2020-ல் வந்தது. ஆரம்பத் திட்டங்கள் எல்லாரிடமும் ஏறக்குறைய 400, 500 என்ற கணக்கில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. போஸ்டரில் போடாத 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 399 என்றால் கையில் 471, 499 என்றால் 589. வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

பஞ்சாயத்து ஆபீசுக்கு அரசு ஃபைபர் வந்திருக்கிறதே, அதில் வீட்டுக்கு எடுக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோகும் வேலை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. ஊராட்சி அலுவலகம் வரை வந்துவிட்டது என்பதால் உங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அங்கிருந்து வீட்டுக்கு யார் இழுத்துத் தருகிறார் என்று விசாரித்துவிட்டு நம்புங்கள்.

கேபிள்காரர் கொடுக்கும் லேன் வயர் பல சின்ன ஊர்களில் இன்னும் ஓடுகிறது. விலை குறைவு, டிவியோடு சேர்த்தே பில். ஆனால் இந்த வயர் 100 மீட்டருக்கு மேல் தாங்காது. அதனால் நாலைந்து வீட்டுக்கு லைனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்விட்ச் பெட்டியை யாராவது ஒருவர் மாடியில் வைத்து, அந்த வீட்டுக் கரண்டிலேயே ஓட்டுவார்கள். அவர் வீட்டில் ஃபியூஸ் போனால் உங்கள் நெட்டும் போச்சு. மொட்டை மாடி வழியாக வரும் செம்பு என்பதால் ஒரு நல்ல இடிக்கு ஸ்விட்ச், ரவுட்டர், சில சமயம் அதில் செருகியிருந்த டிவி எல்லாம் சேர்ந்து போகும். வேறு வழியே இல்லை என்றால் எடுக்கலாம். எடுத்தால், மழை இருட்டும்போது வயரைப் பிடுங்கிவிடும் பழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் வைக்கும் பெட்டி

ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ அதே வருஷம் செப்டம்பர் 19-லும் ஏர்ஃபைபரைத் தொடங்கின. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு இழை எதுவும் வராது. டவரிலிருந்து வரும் 5ஜி சிக்னலை மாடியில் வைத்த பெட்டி வாங்கி, ஒரு வயர் வழியாகக் கீழே ரவுட்டருக்கு அனுப்பும். அந்தப் பெட்டிக்குக் கரண்டும் அதே வயரில்தான் போகிறது.

இதன் பலம், தோண்ட வேண்டாம், கம்பம் வேண்டாம். வயல் நடுவில் தனியாகக் கட்டிய வீடு, ஃபைபர்காரர் "பத்து வீடு சேர்ந்தால் வருகிறோம்" என்று சொல்லிவிட்ட தெரு, இவற்றுக்கெல்லாம் இது வரப்பிரசாதம்தான். வேகமும் மோசமில்லை. ஜியோ ஏர்ஃபைபரில் மாத வரம்பு 1 டெராபைட், ஃபைபரில் 3.3. வரம்பு என்றதும் பயப்பட வேண்டாம். எச்டியில் மணிக்கு 3 ஜிபி என்று வைத்தால்கூட, 1 டெராபைட்டில் தினமும் 11 மணி நேரம் படம் பார்க்கலாம். அதற்கு மேல் பார்க்கிற வீட்டுக்கு நெட் ஆலோசனை போதாது.

பலவீனம் டவரில் இருக்கிறது. டவரின் திறனை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. சாதாரண நாளில் ஆளில்லாத நம் ஊர்களில் அது பிரமாதமாக வேலை செய்யும். பொங்கல் வாரம் வரட்டும். பூட்டியிருந்த வீடெல்லாம் திறந்து, சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் காரில் வந்து இறங்கிய எல்லார் கையிலும் 5ஜி போன். வருஷத்தில் எந்த வாரம் உங்களுக்கு நெட் அதிகம் தேவையோ அந்த வாரம்தான் டவரும் திணறும். ஆகவே எடுப்பதற்கு முன், அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். காலையில் பார்க்கும் எண்ணை நம்ப வேண்டாம். முடிந்தால் ஊரில் திருவிழா நடக்கும் நாளிலும் ஒரு தடவை பாருங்கள்.

அப்லோட் விஷயத்திலும் கவனம் தேவை. ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் இறங்கும் வேகமும் ஏறும் வேகமும் ஒன்று. ஏர்ஃபைபரில் ஏறுவது கணிசமாகக் குறைவு. படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வீட்டிலிருந்து பெரிய ஃபைல் அனுப்புகிறவருக்கு முதல் நாளே தெரியும்.

பெட்டி பொருத்தும் இடம் பற்றி ஒன்று. பழைய வீட்டின் மேல்தளம் செங்கலும் சுண்ணாம்பும். அதில் ட்ரில் போட்டுக் கம்பம் நட்டால், அடுத்த மழையில் கீழே மச்சில் ஈரம் தெரியும். சுண்ணாம்புத் தளத்தின் ஒழுகலைச் சரிபண்ணத் தெரிந்த கொத்தனார் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? முகப்புக் கைப்பிடிச் சுவரில் இருக்கும் சுதை கஜலட்சுமியின் பக்கமும் ட்ரில்லை விடாதீர்கள். பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தூணிலோ, பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் பகுதியிலோ கிளாம்ப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். டவர் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மறைப்பு இல்லாமல் இருந்தால் போதும், தெருவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

செயற்கைக்கோள் பற்றிச் சுருக்கமாக. பழைய வகை 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதால் ஒவ்வொரு சொல்லுக்கும் அரை விநாடிக்கு மேல் தாமதம். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தப் பிரச்சினை இல்லை. ஸ்டார்லிங்க்குக்கு இந்தியாவில் உரிமம் 2025 ஜூனில் கிடைத்தது. ஆனால் ஃபைபரோ 5ஜியோ வருகிற ஊரில் அதற்கு என்ன அவசியம் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டுமே எட்டாத பண்ணை வீடு வைத்திருப்பவர்கள் யோசிக்கட்டும்.

வளவைத் தாண்டாத வைஃபை

இதுவரை சொன்னதெல்லாம் வாசல் வரைக்கும். புகார்களில் பாதி வாசலுக்கு உள்ளே பிறக்கிறது. "நெட் ஸ்லோ" என்று கம்பெனியைத் திட்டுகிறவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால், ரவுட்டர் முகப்பில் ஜன்னல் மேல் உட்கார்ந்திருக்கும், ஆட்கள் முற்றத்துக்கு அப்பால் இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். வயர் இழுக்க வந்தவருக்கு வாசலுக்குப் பக்கம் வைப்பது சுலபம், வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் செங்கல், சுண்ணாம்புச் சுவர். அதை வைஃபை ஒருமுறை தாண்டுவதே சிரமம். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று மூன்று நான்கு தடவை தாண்டச் சொன்னால் எங்கே போகும்? பட்டாலைக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடிகளும் சும்மா இல்லை. முதுகில் உலோகப் பூச்சு இருப்பதால் சிக்னலைத் திருப்பி அனுப்பும். ரவுட்டரில் இரண்டு அலை வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் சுவர் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நம் சுவரைக் கண்டால் நின்றுவிடும். போனில் இரண்டு பெயரும் தனித்தனியாகத் தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டால் எந்த அறையில் எது என்று தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் இந்த வீடுகளைக் கட்டியவர்கள் நமக்கு ஓர் உதவியும் செய்திருக்கிறார்கள். வாசல் நிலையிலிருந்து பின்கட்டு வரை எல்லா நிலைகளும் ஒரே கோட்டில். கதவெல்லாம் திறந்திருந்தால் தெருவில் நின்றே கொல்லையைப் பார்க்கலாம். கண் போகும் வழியில் வைஃபையும் போகும். ரவுட்டரை முகப்பு ஜன்னலிலிருந்து எடுத்து, வளவுத் தாழ்வாரத்தில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள். பைசா செலவில்லாமல் பாதி வீட்டுக்குச் சிக்னல் வரும். ராத்திரி பர்மா தேக்குக் கதவுகளைச் சாத்தியதும் மறுபடி குறையும்.

அது போதாது என்றால், கடையில் ரிப்பீட்டர் என்று ஒரு சின்னப் பொருளைக் கொடுப்பார்கள். செருகினால் சிக்னல் கோடு முழுதாகத் தெரியும், வேகம் பாதியாகும். கொஞ்சம் செலவானாலும் கேட்-6 வயர் ஒன்றை ரவுட்டரிலிருந்து இரண்டாங்கட்டுக்கு இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டி மாட்டுவதே நிரந்தரத் தீர்வு. இந்தத் தெருவில் வாசலும் அந்தத் தெருவில் கொல்லையுமாக இருக்கும் நீண்ட வீட்டுக்கும் 100 மீட்டர் வயர் பெரும்பாலும் எட்டிவிடும். வயரைத் தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம், வென்டிலேட்டர் வழியாக அடுத்த கட்டுக்குள் நுழைக்கலாம். நிலையில் துளை போடக் கூடாது. முட்டை வெள்ளை சேர்த்து மெருகேற்றிய சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அந்தச் சுவரை இன்னொருமுறை பூச ஆகும் செலவில் பத்து வருஷத்து நெட் பில் கட்டலாம். வீடு முழுக்க ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் பெட்டிகள் வாங்கினாலும் அவற்றுக்கிடையில் வயர் போட்டு விடுங்கள். வயரில்லா மெஷ், புது மாதிரி இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சரி, இங்கே தடுமாறும்.

கானாடுகாத்தான் பக்கம் வீட்டை ஹோம்ஸ்டேயாக விட்டிருப்பவர்களுக்கு இது கட்டாயம். விருந்தாளி ஆத்தங்குடிக் கல்லைப் புகழ்ந்துவிட்டு, அறையில் வைஃபை இல்லை என்று விமர்சனம் எழுதிவிட்டுப் போவார்.

பூட்டிக் கிடக்கும் வீடு

வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் திறக்கும் வீட்டுக்கு 499 ரூபாய் ஃபைபர் எடுத்தால், வரியோடு வருஷத்துக்கு 7,066 ரூபாய். உபயோகிக்கும் நாளுக்குப் பிரித்தால் தினம் 235. இதற்குச் சிம் போட்ட ரவுட்டர் போதும், வரும் மாதம் மட்டும் ரீசார்ஜ். ஃபைபரே வேண்டும் என்றால், ஆளில்லாத மாதங்களில் நிறுத்தி வைத்துத் திரும்பத் திறக்க முடியுமா, அதற்குள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இன்றைக்குப் பூட்டிய வீட்டுக்கும் நெட் கேட்கிறார்கள், கேமராவுக்காக. தூணும் நிலையும் கழற்றி விற்கப்படும் காலத்தில் இது நியாயமான கவலை. இங்கே கணக்கு முக்கியம். ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் வெளியே அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. தினம் 2 ஜிபி சிம் அதற்கு நாலரை மணி நேரம்கூடத் தாங்காது. எனவே பதிவு வீட்டுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க்கில் நடக்கட்டும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போனுக்குத் தகவல், நீங்கள் திறந்து பார்க்கும் நேரத்துக்கு மட்டும் டேட்டா. இப்படி வைத்தால் 4ஜி சிம் ரவுட்டரே காலம் தள்ளும். வேலிடிட்டி முடியும் தேதியைக் காவலுக்கு இருப்பவரிடம் விடாமல் உங்கள் போனிலேயே நினைவூட்டலாகப் போடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கமுள்ள வீடுகளில், கேமராவுக்கும் ரவுட்டருக்கும் தனி லைன் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியாகப் பதிவாவது நீங்கள் பூட்டிவிட்டுக் கிளம்பும் காட்சிதான்.

கல்யாண வீடு தனிக் கதை. வரமுடியாத உறவுக்காரர்களுக்காக யூடியூபில் நேரலை போடாத கல்யாணம் இப்போது குறைவு. முழு எச்டி நேரலைக்கு அப்லோடில் 6 முதல் 10 எம்பிபிஎஸ் நிலையாக வேண்டும். முகூர்த்த நேரத்தில் ஐந்நூறு போன் ஒரே டவரைப் பிடித்து ரீல்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, வீடியோக்காரரின் சிம்மில் அது கிடைக்காது. ஏர்ஃபைபருக்கும் அதே டவர், அதே கதி. உள்ளூர் ஃபைபர் ஆபரேட்டரிடம் ஒரு மாதத்துக்கு மட்டும் இணைப்பு கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பேசி முடிக்கலாம். வந்ததும், வீடியோக்காரருக்கு வைஃபை கொடுக்காமல் வயராகக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால்: ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு, தெருவில் நல்ல பேர் எடுத்தவரின் 30 அல்லது 50 எம்பிபிஎஸ் ஃபைபர், மிச்சப் பணத்துக்கு உள்வயர். ஃபைபர் எட்டாத இடத்துக்கு ஏர்ஃபைபர். பூட்டிய வீட்டுக்குச் சிம் ரவுட்டர். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் ஃபைபரோடு வேறு கம்பெனி சிம் ஒன்றையும் போனில் வைத்துக்கொள்ளட்டும், ஜேசிபி சொல்லிவிட்டு வருவதில்லை.

பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீட்டில் பில் யார் பெயரில் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஆதாரும் ஓடிபியும் யாருடையதோ அவர் துபாயில் இருந்தால், இங்கே ரவுட்டரை இடம் மாற்றக்கூட அவர் தூங்கி எழும்வரை காத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுங்கள், அதில் பாகப்பிரிவினை வேண்டாம். பெயரும் நம்பரும் மட்டும் ஊரில் இருக்கிறவருடையதாக இருக்கட்டும்.

பொங்கலுக்குள் வேண்டும் என்றால் கார்த்திகையிலேயே சொல்லி வைக்க வேண்டும். மார்கழி கடைசி வாரத்தில் எல்லா வீட்டு ஆட்களும் ஒரே நாளில் வந்து இறங்கி ஒரே தம்பிக்குப் போன் போடுவார்கள். ஐப்பசி அடைமழையில் அறுந்ததையே அவர் அப்போதுதான் ஒட்டி முடித்திருப்பார்.